எங்களிடம் திருடும் உரிமை உங்களுக்கு மட்டுமே

நடுப்பாயில் வீற்றிருந்து இந்த அவைக்குத் தலைமை தாங்கும் எங்கள் குலத்தலைவர், நசோலோ மண்ணின் நிழல்மரம், ராத்து நைவலு அவர்களே! ஞாயிறுதோறும் எங்கள் பாவங்களை எல்லாம் கேட்டும் எங்களை வெறுக்காத போதகர் அவர்களே! தலை நரைத்தும் நாக்கு நரைக்காத பெரியோர்களே! விடியலிலேயே மண்ணடுப்பு மூட்டி, பன்றியையும் சேப்பங்கிழங்கையும் உள்ளே வைத்து மூடிவிட்டு, 'இவன் பேச்சை முடித்தால்தானே அடுப்பைத் திறக்கலாம்' என்று என்னையே முறைத்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே! கவா வேர்ச்சாறு நிறைந்த கிண்ணத்தைச் சுற்றி அமர்ந்து, கேட்பதுபோல் கண்மூடியிருக்கும் என் தோழர்களே!

கடைசியாக, கடல் தாண்டி வந்து, இந்தக் கூடத்தின் வலப்பக்கம் முழுவதையும் பிடித்துக்கொண்டு, வந்த நொடியிலிருந்து வாயை மூடாத வத்துகோரோத் தீவின் வௌவால்தின்னிகளே! உங்கள் எல்லோருக்கும் எமோசி ஆகிய என் தாழ்மையான வணக்கம். புலா!

பார்த்தீர்களா? மற்றவர்களைப் புகழ்ந்தேன், தலையை மட்டும் அசைத்தார்கள். இவர்களைத் திட்டினேன், கூரை அதிரக் கை தட்டுகிறார்கள்! என்ன சொல்கிறீர்கள், வத்துகோரோவின் தொரிகா அம்மா? "சுருக்கமாப் பேசுடா சேத்துக்காலா" என்கிறீர்களா? ஆகட்டும். நாங்கள் சேற்றில் நண்டு பிடிப்பவர்கள்தாம். எங்கள் கால் சேற்றுக்கால்தான். அந்தச் சேற்றுக்காலர்களைத்தானே நேற்று எங்கள் வீட்டுப் பாயில் நீட்டிப் படுத்து, உங்கள் காலைத் தேய்த்துவிடச் சொன்னீர்கள்?

சபையோரே! தலைவரின் வாயாக நின்று பேசுவது என் குடும்பத்தின் வேலை. என் அப்பன் பேசினான், அவன் அப்பன் பேசினான், நானும் பேசுகிறேன். எத்தனையோ முறை நன்றி சொல்லியிருக்கிறேன். அரிசிக்கு நன்றி, கூரைத் தகரத்துக்கு நன்றி, புயலுக்குப் பின் வந்த தண்ணீர்த் தொட்டிக்கு நன்றி. ஆனால் நம்மை வாய்க்கு வந்தபடி திட்டியவர்களுக்கு நன்றி சொல்ல இதுவரை யாரும் என்னை மேடை ஏற்றிவிட்டதில்லை. இன்று ஏற்றிவிட்டிருக்கிறீர்கள். நெஞ்சு நிறைந்து நிற்கிறேன்.

நசோலோவும் வத்துகோரோவும் ஒரே மூதாதையின் வயிற்றுப் பிள்ளைகள். அந்த உறவுக்கு நாம் தௌவு என்று பெயர் வைத்திருக்கிறோம். தௌவு என்றால் என்ன? மாமன் மச்சான் கேலி ஓர் ஊருக்கும் இன்னோர் ஊருக்கும் நடுவில் நடந்தால் அதுதான் தௌவு. அவர்கள் வந்தால் எங்கள் கோழியைப் பிடிப்பார்கள். நாங்கள் வாய் திறக்கக்கூடாது. நாங்கள் போனால் அவர்கள் படகின் துடுப்பையே தூக்கி வருவோம். அவர்கள் சிரிக்க வேண்டும். கேட்டதை இல்லை என்னக்கூடாது. சாட்சி கேட்கக்கூடாது. மச்சானிடம் போய் யாராவது 'நீ மச்சான்தானா, ரசீதைக் காட்டு' என்பார்களா? கேட்டால் ஊர் சிரிக்காதா?

அந்த உறவைத்தான், ஐயா, அந்த உயிரான உறவைத்தான், ஒருவன் தூண்டிலில் புழுவாக மாட்டிக்கொண்டு வந்தான்!

எப்படி வந்தான்? எந்த வழியாக வந்தான்? நாம் திறந்து வைத்த வழியாகவே வந்தான். நம் ஊரின் மூத்தோர் பாடற்குழு, சாவதற்கு முன் ஒரு தடவையாவது மூதாதையின் தீவான வத்துகோரோவை மிதிக்க வேண்டும் என்று பாய் முடைந்தும் நண்டு விற்றும் சேமித்ததை நீங்கள் அறிவீர்கள். அந்த ஆசையைப் பாட்டாகப் பாடினோம். நம் இளையவர்கள் அதைப் படமெடுத்து உலகமெல்லாம் பார்க்கச் செய்தார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை, நல்லெண்ணத்தில் செய்தார்கள். ஆனால் முற்றத்தில் உலர்த்திய மீனைப் பூனையும் பார்க்கும் அல்லவா?

அந்தப் பாட்டில் முன்வரிசையில் நின்று அழுதபடி பாடியவர், அதோ தூணருகே சாய்ந்து உட்கார்ந்திருக்கும் எங்கள் வசிதி அக்கா. நிமிர்ந்து பாருங்கள் அக்கா! இன்றைக்கு ஒருநாள் வெட்கத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கக் கூடாதா?

அக்காவின் கணவர் வைசாலே கொப்பரைப் படகில் வேலை பார்த்தவர். ஒரு புயலில் படகு பாறைத்திட்டில் உடைந்தது. உடலைக் கடல் வத்துகோரோக் கரையில் சேர்த்தது. அலை அடங்கவில்லை, இங்கே கொண்டுவர வழியில்லை. அங்கேயே அடக்கம் செய்தார்கள். இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை, அக்காவால் போக முடியவில்லை. பிறகு பிள்ளைகளின் பள்ளிக்கூடம், பிறகு மாமியாரின் நோய், பிறகு தன் முழங்கால். கணவன் கல்லறைமேல் விரிக்க முடைந்த பாயை ஒவ்வொரு மழைக்காலமும் வெயிலில் காயவைத்து மறுபடி சுருட்டி வைத்தார். அந்தப் பாயைத் தவிர அவருக்கு வேறு பயணமூட்டை கிடையாது.

தூண்டில்காரன் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து மதியச் சாப்பாட்டுக்குப் பின், இதே கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். குழுவின் பணப்பொறுப்பு இசிகேலியிடம். அவன் கைபேசி ஒலித்தது. எல்லோரும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி நடுவில் வைத்தான்.

ஆகா! என்ன குரல்! என்ன குழைவு! "நசோலோவின் மாண்புமிகு மூத்தோர்களே, மரியாதைக்குரிய தலைவரே, போற்றுதலுக்குரிய தாய்மார்களே" என்று ஆரம்பித்தான் பாருங்கள், மேடையில் நான் கூட அப்படி அடுக்கியதில்லை! தன் பெயர் பெனி என்றான். வத்துகோரோக்காரன், உங்கள் தௌவு, இப்போது தலைநகர் சுவாவில் பயண ஏற்பாட்டு அலுவலகம் நடத்துகிறேன் என்றான். சரக்குப் படகில் மூட்டைகளோடு மூட்டையாய்ப் போக வேண்டியதில்லை. மூத்தோருக்கென்றே மெத்தை போட்ட படகு, வேளாவேளைக்குச் சாப்பாடு, மயக்கம் வந்தால் கவனிக்க ஒரு நர்ஸ். பணத்தைக் கைபேசியிலேயே அனுப்புங்கள், மாலைக்குள் அனுப்பினால் இடம் உறுதி என்றான். இன்னொன்றும் சொன்னான். "தீவுல இருக்கிறவங்ககிட்ட மட்டும் மூச்சு விட்றாதீங்க. திடீர்னு போய் இறங்கி அவங்கள அசத்திடலாம்."

நாங்கள் என்ன செய்தோம்? யோசித்தோமா? விசாரித்தோமா? ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்வி கேட்டோமா? இல்லை ஐயா, இல்லை! தௌவு கேட்கிறான், சாட்சி கேட்பது பாவம் என்று பரவசத்தில் உருகினோம். இசிகேலி பணம் அனுப்பும் பக்கத்தைத் திறந்துவிட்டான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். நாங்கள் அந்த ஓநாய்க்குக் குடை பிடித்தோம்.

அப்போதுதான் அவன் கடைசித் தூண்டிலை வீசினான். "வசிதி அம்மா அங்க இருக்காங்களா? தாயே, உங்க வீட்டுக்காரர் கல்லறை உங்களுக்காகக் காத்துகிட்டு இருக்கு. நானே உங்க கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்."

அக்காவின் கண்ணில் நீர். சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு, நகர்ந்து வந்து கைபேசியைக் கையில் எடுத்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தோம்.

அக்கா கேட்டார்: "அது கெடக்கட்டும். உங்க ஊர்ல இன்னும் சோத்துக்கு வௌவாலத்தான் தொட்டுக்கிறீங்களா?"

அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது: "அம்மா, நான் உங்களுக்கு மரியாதை குடுத்துப் பேசிகிட்டு இருக்கேன்."

"மரியாதையா? யாருகிட்ட? உன் பாட்டன் எங்க பன்னியத் திருடிகிட்டு, வேட்டி அவுந்து ஓடினவன்தானே?"

சபையோரே, இடுப்பில் கட்டுவது சுலுவோ வேட்டியோ, மானம் எல்லா ஊரிலும் ஒன்றுதான்! அதற்கு அவன் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நீங்கள் சொல்லுங்கள், வலப்பக்கத்தாரே! சொல்லுங்கள்!

கேட்டீர்களா? ஒரு கேள்விக்கு இருபது வசவு! ஒன்றுகூட மேடையில் திருப்பிச் சொல்லத்தக்கதில்லை. போதகர் காதைப் பொத்திக்கொண்டார். இதுதான் உறவு! ஆனால் பெனி என்ன சொன்னான் தெரியுமா? குழைந்த குரல் கட்டையாகி, "இப்படி எல்லாம் கேவலமாப் பேசினா, உங்க சீட்டை வேற ஊருக்குக் குடுத்துடுவேன்" என்றான்.

அக்கா கைபேசியை அணைத்தார். இசிகேலியின் கையில் திருப்பிக் கொடுத்தார். "இவனுக்கு வைய வரலடா. வையத் தெரியாதவன் எப்படி நமக்குத் தௌவு? பணத்த அனுப்பாத" என்றார்.

அப்போதே நாங்கள் அவரைக் கொண்டாடினோம் என்று நினைக்கிறீர்களா? வானளவு புகழ்ந்தோம் என்று நினைக்கிறீர்களா? இல்லை! கொதித்தோம். "வந்த விருந்தாளிய விரட்டிட்டியே" என்றார் ஒருவர். "கல்லறைக்குப் போக உனக்கே ஆசையில்லையா?" என்று கேட்டுவிட்டார் இன்னொருவர். அந்தச் சொல்லை இன்று யாரும் உரிமை கொண்டாட மாட்டீர்கள், தெரியும். அக்கா நிதானமாகத்தான் பதில் சொன்னார்.

"உங்க எல்லாரையும் விட எனக்குத்தான் ஆசை. அந்த ஆசையத் தொட்டு அவன் பேசினான் பாரு, அப்பத்தான் பயந்தேன். வாய் நெறையச் சக்கரையக் கொட்டினா, கையில என்ன வச்சிருக்கான்னு பாக்கணும்ல?"

சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். சுருட்டி வாசலில் தயாராக வைத்திருந்த பாயை எடுத்து மறுபடி பரண்மேல் வைத்தார். பார்த்தவர்கள் சொன்னார்கள். நம்மைக் காப்பாற்றியவர், காப்பாற்றியதற்கு விலையாகத் தன் பயணத்தையே கொடுத்துவிட்டு, அன்று தனியாக உட்கார்ந்திருந்தார். நாம் யாரும் போய் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் காலை நம் மருத்துவ நிலையத்து வானொலியில் வத்துகோரோவைக் கூப்பிட்டோம். எடுத்தவர், சந்தேகமென்ன, தொரிகா! அங்கே நர்சும் அவர்தான், நாட்டாமையும் அவர்தான். 'பெனி என்று உங்கள் ஊரில் யாராவது சுவாவில் படகு அலுவலகம் வைத்திருக்கிறாரா' என்று பணிவாகக் கேட்டேன். பதில் இடியாய் வந்தது.

"பெனியா? எங்க ஊர்ல பெனின்னு இருந்தது ஒரே ஒரு கெடா. அதையும் போன கிறிஸ்துமஸுக்குத் தின்னுட்டோம்! அதுவா உன்னக் கூப்பிட்டுப் பேசுச்சு?"

நடந்ததை எல்லாம் சொன்னேன். சிரிப்பு நின்றது. பிறகு அவர் சொன்ன வார்த்தையை, அன்பர்களே, இந்தக் கூடத்தின் உத்தரத்தில் செதுக்கி வைக்கலாம்.

"எங்க பேரச் சொல்லியாடா உங்ககிட்டத் திருட வந்தான்? உங்ககிட்டத் திருடுற உரிமை எங்களுக்கு மட்டும்தானே!"

ஆம்! ஆயிரம் முறை ஆம்! அந்த உரிமை உங்களுக்கு மட்டுமே. கோழியைத் திருடுங்கள், குடையைத் திருடுங்கள், கொடியில் காயும் சட்டையைத் திருடுங்கள். ஆனால் நம் முதியவர்களின் கனவைத் திருட வருகிறவனுக்கு இந்தக் கரையில் இடமில்லை. இந்தக் கடலில் இடமில்லை. நம் காற்றில்கூட இடமில்லை!

அதே வாரம் அவர்கள் வந்தார்கள். கேட்டோமா? கூப்பிட்டோமா? இல்லை. தீவின் மீன்படகில், மழையில் நனைந்து வந்தார்கள். ஊருக்குள் நுழையாமல் கரையிலேயே தலைகுனிந்து உட்கார்ந்து, நம் வழக்கப்படி மன்னிப்புக்கான திமிங்கிலப் பல்லைத் தலைவர் முன் நீட்டினார்கள். தாங்கள் செய்யாத தவறுக்கு, தங்கள் பெயர் எங்கள்மேல் எறியப்பட்ட கல்லானது என்ற ஒரே காரணத்துக்கு, மன்னிப்புக் கேட்டார்கள். அன்று மட்டும் அவர்கள் ஒரு வசவும் பேசவில்லை. தலைவர் அந்தப் பல்லை இரு கையாலும் தொட்டு ஏற்றுக்கொண்டார். அழுதோம் ஐயா. இரண்டு பக்கமும் அழுதோம்.

அழுது முடித்ததும் தொரிகா எழுந்தார். "போதும். கெழடுங்க எல்லாம் படகுல ஏறுங்க. மெத்தை கெடையாது. மீன் நாத்தம் இருக்கும். வாந்தி எடுக்கிறவங்க காத்து போற பக்கம் பாத்து எடுங்க!"

மெத்தையில்லாத அந்தப் படகில் நாங்கள் போனோம். வசிதி அக்கா பாயை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். புல் முளைத்து, கல் சரிந்து, இடமே தெரியாமல் போயிருக்குமே என்ற பயம் அவருக்கு. யாருமற்றுக் கிடந்த மனிதனின் மண்ணை யார் பார்த்திருப்பார்கள்?

யார் பார்த்திருப்பார்கள்? கேளுங்கள் சபையோரே! கல்லறை வெள்ளையடித்திருந்தது. சுற்றிலும் சிப்பி பதித்திருந்தது. மேலே புதிய மரப்பட்டைத் துணி. அதன்கீழே பாய், அந்தப் பாயின்கீழே அதற்கு முந்தைய ஆண்டின் பாய், அதன்கீழே மக்கிப்போன இன்னொன்று. ஆண்டுதோறும் ஒன்று விரித்திருக்கிறார்கள்! ஊர் பேர் தெரியாமல் கரை ஒதுங்கியவனுக்கல்ல. 'எங்க சேத்துக்காலன்' என்று பேர் சொல்லி விரித்திருக்கிறார்கள். இங்கே நம்மிடம் ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை.

அக்கா மண்டியிட்டு விழுந்தார். யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அப்போது தொரிகா பக்கத்தில் போய் உட்கார்ந்து, இடுப்பில் ஓர் இடி இடித்தார்.

"ஏன்டி, இத்தன வருசமா எங்கடி போன? உன் புருசன் விடுற கொறட்டையில எங்க ஊரே தூங்கல. வந்து ஒருக்களிச்சுப் படுக்க வையி, புண்ணியமாப் போகும்!"

அக்கா நிமிர்ந்தார். அழுகையும் சிரிப்பும் ஒரே மூச்சில் வந்தன. தன் பாயை மெல்ல விரித்து, ஓரத்தை நீவி, மண்ணைத் தட்டி, "கேட்டுச்சா மனுசா? திரும்பிப் படு" என்றார்.

அதற்குமேல் அந்த நாளைப் பற்றிப் பேச என்னால் முடியாது. தண்ணீர் கொடுங்கள்.

நன்றி. அன்பர்களே, நாம் தப்பினோம். தப்பாதவர்களும் உண்டு. பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், சொல்லமாட்டேன். வேறோர் ஊரின் முதியவர்கள், அதே குழைந்த குரலை நம்பி, நல்ல சட்டை உடுத்தி, சுவாத் துறைமுகத்தில் வராத படகுக்காகக் காத்திருந்தார்கள். பொழுது சாயும் வரை காத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து, 'கடல் சரியில்லை, பயணம் தள்ளிப்போச்சு' என்று சொந்தப் பிள்ளைகளிடமே பொய் சொன்னார்கள். ஏன்? வெட்கம்! நம் கதை வெளியே தெரிந்த பிறகுதான் அவர்களில் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு உண்மையைச் சொன்னார். இப்போது இரண்டு ஊரும் சேர்ந்து காவல் நிலையத்தில் சொல்லியிருக்கிறோம்.

ஏமாந்தவர் எதற்காக வெட்கப்பட வேண்டும்? நம்பியது குற்றமா? மூதாதை மண்ணை மிதிக்க விரும்பியது குற்றமா? வெட்கம் அவனுக்கல்லவா உரியது! முதியோர்களே, உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஒருவன் உங்களை அவசரப்படுத்தினால் உட்கார்ந்துவிடுங்கள். யாரிடமும் சொல்லாதே என்றால் எல்லோரிடமும் சொல்லுங்கள். படகு, விமானம், புனிதப் பயணம், எதுவானாலும் பணம் கையைவிட்டுப் போவதற்குமுன், உங்களைத் துணிந்து திட்டக்கூடிய ஒருவரிடம் கேளுங்கள். பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு சொல். பெரியவர்கள் கேட்க வந்தால் 'இதுகூடத் தெரியாதா' என்று சிரிக்காதீர்கள். உங்கள் சிரிப்புக்குப் பயந்துதான் அவர்கள் அந்நியன் காலடிக்குப் போகிறார்கள்.

வசிதி அக்கா, அன்று சொல்லியிருக்க வேண்டியதை இன்று தலைவரின் வாயாக, இந்த ஊரின் வாயாகச் சொல்கிறேன். உங்கள் பயணத்தை இழக்கத் துணிந்து எங்கள் பயணத்தைக் காத்தீர்கள். உங்களைக் கடிந்துகொண்ட எங்களை ஒரு வார்த்தை பதிலுக்குக் கடியவில்லை. இந்த ஊர் உங்களுக்கு நன்றியுடையது.

அக்கா சில மாதங்களாக இன்னொரு பாய் முடைந்தார். இதோ, இசிகேலியும் நண்பர்களும் விரிக்கிறார்கள். இந்தக் கூடத்தின் அகலம் இருக்கிறது. ஆண்டுதோறும் எங்கள் மனிதனைப் போர்த்தி வைத்த வத்துகோரோவின் பெண்களே, இது உங்களுக்கு. நசோலோவின் அன்பாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

கை குவித்து மும்முறை தட்டுகிறார்கள். ஏற்றுக்கொண்டார்கள்! தொரிகா எழுந்து நிற்கிறார். ஏதோ சொல்கிறார். அமைதி, அமைதி! பின்வரிசைக்குக் கேட்கவில்லையாம், நானே திருப்பிச் சொல்கிறேன்.

"பாய் கெடக்கட்டும்டா சேத்துக்காலா! வைசாலே மறுபடி மல்லாந்து படுத்துட்டான், கொறட்டை தாங்கல. படகு வெளிய நிக்குது. இவள வருசா வருசம் அனுப்பி வையிங்க!"

அக்கா எழுந்துவிட்டார்! தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்து, இங்கிருந்தே பதில் சொல்கிறார்: "வர்றேன்டி வௌவால்தின்னி! அந்த மனுசன் பக்கத்துல எனக்கும் சேத்து எடம் ஒதுக்கி வை. அவசரம் ஒண்ணும் இல்ல!"

இனி நான் பேச என்ன இருக்கிறது? வாய்ப்பளித்த தலைவருக்கும், பொறுத்திருந்த அடுப்புக்கும், நனைந்து வந்த படகுக்கும், நயமில்லாமல் பேசி நம்மைக் காக்கும் நல்லவர்களுக்கும் நன்றி கூறி அமர்கிறேன். தாய்மார்களே, அடுப்பைத் திறங்கள். இசிகேலி, கோழிக்கூட்டையும் திறந்து விடு. வினாகா, மிக்க நன்றி! எல்லோருக்கும் வணக்கம்!